கேட்போன் யார்? பண்டைய கிரேக்கச் சொல்வன்மை எழுப்பிய அறக்கேள்வி

சொல்லைக் கொண்டு ஒருவன் இன்னொருவனின் மனத்தை மாற்றும்போது, மாறிய அந்த மனத்துக்குள் நிகழ்ந்தது என்ன என்பது பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடாமல் அலைக்கழித்த கேள்வியாகும். கேட்டவனின் அறிவு தானே விழித்துக்கொண்டு ஓர் உண்மையைக் கண்டடைகிறதா, அல்லது அவன் அறியாமலேயே அவன்மீது ஒருவகை வன்முறை நிகழ்த்தப்படுகிறதா என்பதில் அவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கிரேக்கச் சொல்வன்மையைப் பற்றி எழுதும் நூல்கள் பலவும் பேசுவோனின் திறனையும், பேச்சின் உறுப்புகளையும், அணிநலன்களையும் விரித்துரைத்து அமைந்துவிடுகின்றன. அவை யாவும் அறியத்தக்கவையே எனினும், அக்கலையைச் சுற்றி எழுந்த மெய்யியல் வழக்கின் வேர் கேட்போனிடத்தில் இருக்கிறது. அவனுடைய உள்ளம் எத்தகையது, அதனிடம் பேசுவோன் எதற்குக் கடன்பட்டவன் என்பதை ஒட்டியே கோர்ஜியாஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய மூவரின் பாதைகளும் பிரிந்தன.

இவ்வழக்கு மெய்யியலாருக்கு முன்பே சமயத்தில் தொடங்கிவிட்டது. இணங்கவைக்கும் ஆற்றலைக் கிரேக்கர்கள் பெய்த்தோ என்னும் பெண்தெய்வமாக வழிபட்டனர். ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவில், காதல் தெய்வமான அப்ரோடைட்டியுடன் சேர்த்தே அவளுக்கு வழிபாடு நடந்தது; சிதறிக் கிடந்த ஊர்களைத் தீசியஸ் ஒரே நகரமாகத் திரட்டியபோது அவ்வழிபாட்டை நிறுவினான் என்பது மரபு. காமத்தின் துணைத்தெய்வமே நகர ஒற்றுமைக்கும் தெய்வமாக இருந்தது என்பதிலேயே அவளுடைய இரட்டை இயல்பு தெரிகிறது. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் ஒரெஸ்தேயா முந்நாடகத் தொகுதி இவ்விரட்டை இயல்பை முழுமையாக வெளிக்கொணர்கிறது: முதல் நாடகத்தில் பெய்த்தோ கேட்டின் மகளாக வந்து மனிதனை அழிவுக்குத் தள்ளுகிறாள், மூன்றாம் நாடகத்தில் அதே தெய்வத்தின் துணைகொண்டு அத்தீனா, பழிவாங்கும் பெண்தெய்வங்களின் சினத்தைத் தணித்து, அவர்களை நகரின் காவல் தெய்வங்களாகத் தங்கச் செய்கிறாள். ஆயினும் அந்த இனிய பேச்சின் நடுவே, சீயஸின் இடிப்படை பூட்டப்பட்டிருக்கும் அறையின் திறவுகோல் தனக்குத் தெரியும் என்று அத்தீனா குறிப்பிடத் தவறுவதில்லை. அதனைப் பயன்படுத்தத் தேவையில்லை என்றுதான் அவள் சொல்கிறாள், ஆனால் சொல்லிவிடுகிறாள். வன்மையை விலக்கிவைத்த பேச்சுக்கும், வன்மையைப் பின்னே நிறுத்திக்கொண்ட பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஈஸ்கிலஸ் தீர்த்துவைக்காமல் விட்டது அவருடைய நேர்மை என்றே கொள்ள வேண்டும்.

பேச்சு ஒரு தனிக் கலையாகப் பயிற்றுவிக்கப்பட்டதன் தொடக்கத்தைக் கிரேக்க மரபு சிசிலித் தீவில் வைக்கிறது. கி.மு. 460களில் அங்கே கொடுங்கோலர்கள் வீழ்ந்தபின், பறிக்கப்பட்ட நிலங்களை மீட்க மக்கள் வழக்காடியபோது, கொராக்ஸ், டிசியாஸ் என்னும் இருவர் வழக்குரைக்கும் முறையை வகுத்தனர் என்பர். அவர்கள் பெயரோடு இணைக்கப்படுவது ‘எய்கோஸ்’ என்னும் கருத்து. சான்றுகள் போதாதவிடத்து, எது இயல்பாக நடந்திருக்கக்கூடும் என்பதைக் கொண்டு வாதிடுவதே அது. மெலிந்தவன் ஒருவன் வலியவனைத் தாக்கினான் என்று குற்றம் சாட்டப்பட்டால், அது நடக்கக்கூடியதா என்று அவன் கேட்கலாம். குற்றம் வலியவன்மீது சாட்டப்பட்டாலோ, எல்லோரும் தன்னையே ஐயுறுவார்கள் என்று தெரிந்தும் தான் அதைச் செய்திருப்பேனா என்று அவன் கேட்கலாம். ஒரே அளவுகோல் இரு பக்கமும் பேசுகிறது என்பது கண்டு பிளேட்டோ சினந்தார். ஆனால் நேரில் காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டிய மனிதர்களுக்கு, நிகழக்கூடியதை எடைபோடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் மறுக்க இயலாது.

சிசிலியின் லெயொந்தினி நகரத் தூதராகக் கி.மு. 427இல் ஏதென்ஸுக்கு வந்த கோர்ஜியாஸ், இக்கலைக்கு ஒரு மெய்யியல் அடித்தளத்தையே அமைத்தார். எதுவும் இல்லை, இருந்தாலும் அறிய முடியாது, அறிந்தாலும் பிறருக்கு உணர்த்த முடியாது என்று அவர் வாதிட்ட நூலொன்று சுருக்க வடிவில் எஞ்சியுள்ளது. அதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குவோர் உண்டு. எனினும் அதன் மூன்றாம் படியை ஏற்றுக்கொண்டால் சொல்லைப் பற்றிய பார்வையே மாறிவிடுகிறது. சொல்லால் உண்மையை ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்துக்குக் கொண்டுசெல்ல முடியாதெனில், சொல் செய்வது வேறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். அது என்ன என்பதற்கு ஹெலனுக்காக அவர் இயற்றிய புகழுரை விடை தருகிறது. கணவனை விட்டு டிராய் நகருக்குச் சென்ற ஹெலன் தெய்வச் செயலாலோ, வன்முறையாலோ, சொல்லாலோ, காதலாலோ அவ்வாறு செய்திருக்க வேண்டும் என்றும், இந்நான்கில் எதுவாயினும் அவள்மீது குற்றமில்லை என்றும் கோர்ஜியாஸ் வாதிடுகிறார். சொல் என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உடலைக் கொண்டு தெய்விகச் செயல்களை ஆற்றும் பேரரசன். உடலின்மீது மருந்து எவ்வாறு வினைபுரிகிறதோ அவ்வாறே அது உள்ளத்தின்மீது வினைபுரிகிறது. நோயைத் தீர்க்கும் மருந்தும் உயிரைத் தீர்க்கும் மருந்தும் இருப்பதுபோல் சொல்லும் இருவகைப்படும் என்பது அவர் கருத்து.

இவ்வாதத்தின் இரக்கம் கவர்ச்சியானது. விலையோ மிகப் பெரியது. சொல்லுக்கு இணங்கியவள் கடத்தப்பட்டவளுக்கு ஒப்பானவள் என்றால், இணக்கம் என்பதே இல்லாமல் போகிறது. ஹெலனைப் பழியிலிருந்து விடுவிப்பதற்காகக் கோர்ஜியாஸ் அவளுடைய மனத்தையே அவளிடமிருந்து எடுத்துவிடுகிறார். கேட்போன் இங்கே சொல் பாய்ந்து செல்லும் ஒரு களம் மட்டுமே.

ஏதென்ஸில் இது வெறும் ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. பினிக்ஸ் குன்றில் கூடிய குடிமக்கள் பேரவை போரையும் அமைதியையும் பேச்சைக் கேட்டே முடிவு செய்தது. நீதிமன்றங்களுக்காக ஆண்டுதோறும் 30 வயது நிரம்பிய 6000 குடிமக்கள் நடுவர்களாகப் பட்டியலிடப்பட்டனர். தனியார் வழக்குகளை 201 அல்லது 401 பேரும், பொதுவழக்குகளை 501 அல்லது அதற்கு மேற்பட்டோரும் கேட்டனர். வழக்காடியோர் தாமே பேச வேண்டும் என்பதே நெறி. இயலாதவர்கள் லிசியாஸ் போன்றோரிடம் உரையை எழுதி வாங்கி மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். நீர்க்கடிகாரம் நேரத்தை அளந்தது. பேச்சு முடிந்ததும் நடுவர்கள் தமக்குள் கலந்து பேசாமலேயே வாக்களித்தனர். ஒவ்வொருவரின் உள்ளமும் தனித்தனியே தீர்மானித்தாக வேண்டியிருந்தது என்னும் இந்த ஒரு விதியே சொல்லுக்கு அங்கிருந்த அளவிறந்த ஆற்றலை விளக்கப் போதுமானது. கி.மு. 399இல் சாக்ரட்டீஸ் கொல்லப்பட்டது இத்தகைய மன்றம் ஒன்றின் தீர்ப்பால்தான். 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார் என்று பிளேட்டோ எழுதியுள்ளார்.

அச்சாவின் நிழல் பிளேட்டோவின் ‘கோர்ஜியாஸ்’ உரையாடல் முழுவதிலும் படிந்துள்ளது. அதில் சாக்ரட்டீஸ், சொல்வன்மை ஒரு கலையே அன்று, பட்டறிவால் வந்த ஒரு பழக்கம் மட்டுமே என்கிறார். கலை என்று சொல்லத்தக்கது தான் கையாளும் பொருளின் இயல்பையும் காரணத்தையும் எடுத்துரைக்க வல்லதாக இருக்க வேண்டும். சொல்வன்மையோ எது நன்மை என்று கேளாமல் எது இனிக்கும் என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே மருத்துவத்துக்குச் சமையல் எப்படியோ, நீதிக்குச் சொல்வன்மை அப்படி. அது முகத்துதியின் ஒரு வகை. சிறுவர்கள் நடுவர்களாக அமர, சமையற்காரன் குற்றம் சாட்ட, மருத்துவன் குற்றவாளிக் கூண்டில் நின்றால் என்ன ஆகுமோ அதுவே தனக்கும் நேரும் என்று சாக்ரட்டீஸ் அங்கே முன்னுரைக்கிறார்.

ஆனால் அதே உரையாடலில் கோர்ஜியாஸ் சொல்லும் ஒரு செய்திக்குச் சாக்ரட்டீஸ் நேரடியாக விடையளிப்பதில்லை. கோர்ஜியாஸின் உடன்பிறந்தவர் ஒரு மருத்துவர். மருந்து குடிக்கவும் அறுவைக்கும் சூட்டுக்கும் உடன்படவும் மறுத்த நோயாளிகளை, மருத்துவர் இணங்கவைக்க முடியாதபோது தான் சொல்லாலேயே இணங்கவைத்ததாகக் கோர்ஜியாஸ் கூறுகிறார். இது தற்புகழ்ச்சியாகவே சொல்லப்படுகிறது எனினும், பிளேட்டோவின் முழு ஒப்புமையையும் அசைத்துவிடக்கூடியது. மருத்துவனிடம் அறிவு இருந்தும் அது நோயாளியின் உள்ளத்தைச் சென்றடையவில்லை. அறிவுக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு வெளி இருக்கிறது. அதைக் கடப்பதற்கு அறிவு மட்டும் போதவில்லை. நோயாளியைக் கட்டிப்போட்டு மருந்தூட்டுவதா, அவனிடம் பேசுவதா என்று வரும்போது, பேசுவதை முகத்துதி என்று தள்ளிவிட முடியுமா?

இவ்வினாவின் அழுத்தத்தைப் பிளேட்டோ உணர்ந்திருந்தார் என்பதை உரையாடலின் இறுதியில் வரும் புராணக் கதை காட்டுகிறது. முற்காலத்தில் மனிதர்கள் இறக்கும் நாளில், உயிரோடும் உடையோடும், உறவினர் சூழச் சாட்சிகள் பேச, தீர்ப்புக்கு உள்ளானார்கள், தீர்ப்புகள் தவறாயின. அதனால் சீயஸ் அம்முறையை மாற்றி, இறந்தபின் ஆடையின்றி, உடலின்றி, தனித்து நிற்கும் உயிரை, அவ்வாறே உடல் நீங்கிய நடுவர் தம் உயிரால் நேரே நோக்கித் தீர்ப்பளிக்குமாறு விதித்தான் என்பது கதை. சொல்வன்மைக்கு இடமே இல்லாத ஒரு நீதிமன்றம் அது. உயிரில் பதிந்த வடுக்களே அங்கே சான்று. கிரேக்கச் சமய இலக்கியத்தில் இதைவிட ஆழமான ஏக்கம் ஒன்றைக் காண்பது அரிது. ஆயினும், சொல் தேவைப்படாத மன்றத்தைப் பற்றிய இக்கதையைச் சாக்ரட்டீஸ் சொல்வதே கல்லிக்ளீஸ் என்னும் பிடிவாதக்காரனின் மனத்தை மாற்றுவதற்காகத்தான். தர்க்கத்துக்கு அசையாதவனை அசைக்கக் கதை துணைக்கு வருகிறது. கல்லிக்ளீஸ் இணங்கினான் என்று பிளேட்டோ எழுதவும் இல்லை.

மனிதர்களின் மன்றத்தில் உண்மை எவ்வாறு பிழைக்கிறது என்பதைத் துசிடிடீஸ் தம் வரலாற்றில் இன்னும் கடுமையாகக் காட்டுகிறார். ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து கி.மு. 427இல் அடங்கிய மிட்டிலீன் நகரின் ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கப் பேரவை முடிவு செய்து கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மக்களின் மனம் உறுத்தியதால் பேரவை மீண்டும் கூடியது. முடிவை மாற்றக்கூடாது என்று வாதிட்ட கிளியோன், மக்கள் பேச்சுக்கு மயங்கும் பார்வையாளர்களாகிவிட்டனர் என்று பேச்சையே பழித்தார். அந்தப் பழிப்பும் தேர்ந்த பேச்சாகவே இருந்தது. எதிர்த்துப் பேசிய டயோடோட்டஸ் இரக்கத்தை வேண்டவில்லை. மிட்டிலீனியர் குற்றவாளிகளா என்பதன்று கேள்வி, அவர்களைக் கொல்வதால் ஏதென்ஸுக்கு நன்மை உண்டா என்பதே கேள்வி என்றார். அதற்கு முன், நல்ல அறிவுரை சொல்பவனும் நம்பப்படுவதற்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும் நிலைக்கு இந்நகரம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகவே கூறினார். கைகள் ஏறத்தாழச் சமமாக உயர்ந்தும் அவர் பக்கமே வென்றது. இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள், திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டு, முறைவைத்து உறங்கி, ஆணை நிறைவேறும் தறுவாயில் கரை சேர்ந்தனர். ஊர் பிழைத்தது, கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

டயோடோட்டஸின் உள்ளத்தில் இரக்கம் இருந்ததா என்று துசிடிடீஸ் சொல்வதில்லை. நீதியின் பெயரால் பேசியிருந்தால், நீதி என்று சினத்தையே எண்ணிக்கொண்டிருந்த அம்மக்களிடம் அவர் தோற்றிருக்கக்கூடும். கேட்போரின் நிலையைக் கருதிப் பேசியதால் ஓர் ஊரின் உயிர்கள் காக்கப்பட்டன. இதை முகத்துதி என்று அழைப்பது அநீதியாகும். அதே வேளையில், அவர் மக்களை மேலும் நேர்மையானவர்களாக ஆக்கினார் என்றும் சொல்வதற்கில்லை. பதினொரு ஆண்டுகளுக்குப்பின் மேலோஸ் தீவுக்காரர்களுக்கு அதே ஆபத்து நேர்ந்தபோது, நீதி சம வலிமையுடையோருக்கு இடையே மட்டுமே பேசப்படும் என்று ஏதெனியத் தூதர்கள் அறிவித்தார்கள்; அப்போது ஆண்களைக் காக்க இரண்டாவது கப்பல் எதுவும் செல்லவில்லை.

பிளேட்டோவும் தம் நிலைப்பாட்டில் அசையாது நிற்கவில்லை. ‘ஃபைட்ரஸ்’ உரையாடலில், ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே இலிசஸ் ஆற்றங்கரை மரநிழலில் அமர்ந்து, உண்மையான சொல்வன்மை ஒன்று இருக்க முடியும் என்று சாக்ரட்டீஸ் ஒப்புக்கொள்கிறார். அது சொல்லால் உயிரை வழிநடத்தும் கலை. அதனைப் பயில்வோன் பொருளின் உண்மையை அறிந்திருப்பதோடு, உயிர்களின் வகைகளையும், எவ்வகை உயிருக்கு எவ்வகைப் பேச்சு பொருந்தும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய பேச்சு ஒருவர் ஒருவருடன் உரையாடுமிடத்தில் இயலும். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் பினிக்ஸில் எவருடைய உயிரின் வகையைப் பார்த்துப் பேசுவது?

அரிஸ்டாட்டிலின் ‘சொல்வன்மை’ நூல் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. அவர் இக்கலையை, ஒவ்வொரு பொருளிலும் இணங்கவைக்க வாய்ப்புள்ள வழிகளைக் காணும் ஆற்றல் என்று வரையறுத்து, வினாவிடைத் தர்க்கத்துக்கு இணையானதாக வைத்தார். சட்டம், சாட்சி, ஒப்பந்தம் முதலியன பேசுவோன் உண்டாக்காதவை. அவன் உண்டாக்க வேண்டியவை மூன்று: பேச்சில் வெளிப்படும் தன் ஒழுக்கத்தின்மீதான நம்பிக்கையாகிய ‘எதோஸ்’, கேட்போரின் உணர்ச்சிநிலையாகிய ‘பதோஸ்’, வாதமாகிய ‘லோகோஸ்’. இவ்வகைப்பாடு இன்றுவரை பாடநூல்களில் உயிரோடிருக்கிறது. ஆனால் அதைவிட ஆழமானது அரிஸ்டாட்டில் கேட்போனுக்குத் தந்த இடம். பேச்சின் வகைகளையே அவர் கேட்போனைக் கொண்டு பிரிக்கிறார்: வருங்காலத்தைத் தீர்மானிக்கும் பேரவையினன், சென்ற காலத்தைத் தீர்மானிக்கும் நடுவன், நிகழ்காலத்தில் புகழையும் இகழையும் கேட்டு மதிப்பிடும் பார்வையாளன். பேச்சின் நோக்கம் கேட்போனிடத்தில்தான் முடிகிறது என்று அவர் கருதினார்.

அவர் போற்றும் ‘எந்தூமேமா’ என்னும் வாதவகையிலும் இதே மதிப்பைக் காணலாம். இது முழுமையாக விரித்துரைக்கப்படாத தர்க்கம். எல்லோருக்கும் தெரிந்த முன்கூற்றைப் பேசுவோன் சொல்லாமல் விட, கேட்போன் அதைத் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறான். அவ்வாறு நிரப்புகையில் அவன் வாதத்தைப் பெறுபவனாக மட்டுமன்றி அதை ஆக்குவதில் பங்குகொள்பவனாகவும் ஆகிறான். உணர்ச்சிகளைப் பற்றிய இரண்டாம் பகுதியிலும், சினம் என்பது தகாத முறையில் தான் இழிவுபடுத்தப்பட்டதாக ஒருவன் எண்ணுவதிலிருந்து எழும் துன்பமும் பழிவாங்கும் விருப்பமும் என்று அவர் விளக்குகிறார். உணர்ச்சிக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. எண்ணம் இருப்பதால் அது சரியோ தவறோ ஆகலாம். தவறென்று காட்டப்பட்டால் சினம் தணியும். கோர்ஜியாஸின் மருந்து உடலில் வேலை செய்வதுபோல் அன்றி, உணர்ச்சியும் காரணத்துக்குச் செவிசாய்க்கக்கூடியது என்னும் இக்கண்டுபிடிப்பு, இணக்கத்தை வன்முறையிலிருந்து பிரித்துக் காட்டியதில் மிகப் பெரிய படியாகும். வழக்குக்குத் தொடர்பில்லாத சினத்தையோ இரக்கத்தையோ நடுவரிடம் கிளறிவிடுவது, அளப்பதற்கு முன்பே அளவுகோலை வளைத்துவிடுவதற்கு ஒப்பாகும் என்று அவர் கண்டித்ததற்கும் இதுவே அடிப்படை.

உண்மையும் நீதியும் இயல்பிலேயே தம் எதிர்மறைகளைவிட வலிமையானவை, ஆகவே அவை தோற்றால் அவற்றுக்காகப் பேசியோரே பொறுப்பு என்று அரிஸ்டாட்டில் எழுதியது பலருக்கு அளவுகடந்த நம்பிக்கையாகத் தோன்றலாம். கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்பைத் தடுக்க நினைத்த நிக்கியாஸ், தேவைப்படும் படையின் பெருமளவைச் சொல்லி மக்களை அச்சுறுத்த முயல, அவர்களோ அவ்வளவு பெரிய படை என்றால் வெற்றி உறுதி என்று மேலும் ஆர்வம் கொண்டனர். உடன்படாத சிலர் நகருக்கு எதிரானவர்களாகக் கருதப்படுவோமோ என்று அஞ்சி வாய்திறக்கவில்லை என்கிறார் துசிடிடீஸ். இரண்டே ஆண்டுகளில் அப்படை அழிந்தது. இந்நிகழ்ச்சி அரிஸ்டாட்டிலை முற்றிலும் பொய்யாக்குவதாகக் கொள்ள வேண்டியதில்லை. அவருடைய கூற்றுக்கு வேண்டிய நிபந்தனையை வெளிப்படுத்துவதாகக் கொள்ளலாம். எதிர்ப்பேச்சு ஒலிக்கும் மன்றத்தில்தான் கேட்போன் நடுவனாக இருக்க முடியும். அஞ்சிய மௌனம் நிலவுமிடத்தில், எத்துணை நேர்மையாகப் பேசப்பட்டாலும், அவன் மீண்டும் கோர்ஜியாஸின் ஹெலனாகிவிடுகிறான்.

அம்மன்றத்தின் வாயில் எவ்வளவு குறுகியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பெண்கள் பேரவையில் பேச இயலாது. வேற்றூரிலிருந்து வந்து குடியமர்ந்தவர்களுக்கும் அவ்வுரிமை இல்லை. பெய்த்தோவுக்கு ஆண்டுதோறும் பலியிட்ட அதே நகரத்தின் சட்டம், அடிமையின் சாட்சியைச் சித்திரவதையால் பெற்றால்தான் செல்லும் என்று கருதியது. அதனினும் உறுதியான சான்று வேறில்லை என்று வழக்காடியோர் மேடையில் முழங்கினர். துன்புறுத்தப்பட்டவர்கள் உண்மையைப் போலவே பொய்யையும் சொல்வார்கள் என்று வாதிட இடமுண்டு என அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். ஆனால் அதை ஒரு தரப்பு கையாளக்கூடிய வாதமாகவே அவர் குறித்தார். சிலருக்குச் சொல், சிலருக்குச் சவுக்கு என்று நகரம் பிரித்து வைத்திருந்ததை அவருடைய நூல் கேள்விக்குட்படுத்தவில்லை. அக்குறை சிறியதன்று.

முதுமையில் பிளேட்டோ இணங்கவைத்தலுக்கு வியக்கத்தக்க இடம் ஒன்றைத் தந்தார். உலகம் தோன்றிய கதையைக் கூறும் ‘திமையஸ்’, அறிவு கட்டாயத்தை இணங்கவைத்ததால் பேரண்டம் ஒழுங்குபெற்றது என்கிறது. படைப்பின் தொடக்கத்திலேயே இணக்கம் நிற்கிறது. அவர் இறக்கும்போது முற்றுப்பெறாதிருந்த ‘சட்டங்கள்’ நூலோ, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு முன்னுரை வேண்டும் என்கிறது. அடிமைகளுக்கு மருத்துவம் பார்க்கும் அடிமை மருத்துவன் விளக்கம் எதுவும் சொல்லாமல் கட்டளையிட்டுவிட்டுப் போகிறான். சுதந்திர மனிதர்களின் மருத்துவனோ நோயாளியோடும் அவன் உறவினரோடும் பேசி, அவனை இணங்கவைத்த பின்பே மருந்தைத் தருகிறான். சட்டம் இயற்றுவோனும் இரண்டாமவனைப் போல் இருக்க வேண்டும் என்பது அங்கே கூறப்படும் காரணம். கோர்ஜியாஸ் தம் உடன்பிறந்தவருக்குச் செய்த உதவியை இப்போது பிளேட்டோ மருத்துவத்தின் உள்ளேயே சேர்த்துவிட்டார்.

இம்முன்னுரைகளில் மிக நீண்டது பத்தாம் பகுதியில் தெய்வ நிந்தனைச் சட்டத்துக்கு அமைந்தது. தெய்வங்கள் இல்லை என்போர், இருந்தும் மனிதரைக் கருதுவதில்லை என்போர், பலியாலும் வேண்டுதலாலும் அவர்களை வளைக்கலாம் என்போர் ஆகிய மூவகையினரையும் நோக்கி, உயிரே அசைவின் முதற்காரணம் என்பதிலிருந்து தொடங்கி அது வாதிடுகிறது. நம்பிக்கையற்ற இளைஞனைக் கடிந்துகொள்ளாமல் மென்மையாகவே விளிக்கிறது. ஆனால் அந்த இளைஞன் உரையாடலில் இல்லை. வாதம் கடினமான ஆற்றைப் போன்றது, தானே முதலில் இறங்கிப் பார்ப்பதாகச் சொல்லி, ஏதென்ஸிலிருந்து வந்த முதியவர் கேள்வியையும் தாமே கேட்டு விடையையும் தாமே சொல்லிக்கொள்கிறார். உடனிருக்கும் கிரேத்தாக்காரரும் ஸ்பார்ட்டாக்காரரும் பெரும்பாலும் ஆமோதிக்கிறார்கள். அதன்பின் வருவது சட்டம். தீய நடத்தையின்றி அறியாமையால் மட்டும் தெய்வத்தை மறுத்தவன் ‘மனந்திருந்தும் இல்லம்’ என்னும் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அடைக்கப்படுவான். ‘இரவு அவை’ என்னும் நகரின் உயர் குழுவின் உறுப்பினர்கள் மட்டும் அவனைச் சந்தித்துப் பேசுவார்கள். வெளிவந்தும் மீண்டும் குற்றவாளியெனத் தீர்ப்பானால் அவனுக்கு மரண தண்டனை. நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்ட ஆசிரியரின் மாணவர் இதை எழுதினார். சாக்ரட்டீஸுக்காவது தம் தரப்பைச் சொல்ல நீர்க்கடிகாரம் ஓடும் நேரம் தரப்பட்டது, அதைக் கேட்க நூற்றுக்கணக்கான நடுவர்களும் அமர்ந்திருந்தனர். பிளேட்டோவின் சிறையில் இருக்கும் இளைஞன் தன்னிடம் வந்து பேசும் பெரியவர்களுக்கு என்ன மறுமொழி சொன்னான் என்பதைக் கேட்க, அந்நகரில் எவருக்கும் அனுமதி இல்லை.